விரயம் தவிர்த்தலும் முஸ்லிம் பெண்களும்: பட்டிப்பொலவிலிருந்து யாவாவரை ஒரு வரலாற்று நோக்கு

இலங்கைப் புகையிரதப் பாதையில் மிகவுயர்ந்த நிலையமாக விளங்குவது பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,200 அடி உயரத்தில் அது அமைந்துள்ளது. 1885 இல் நானுஓயாவை வந்தடைந்த இருப்புப்பாதை, இம்மேட்டைக் கடந்து 1893 இல் அப்புத்தளையை எட்டியது. நிலையத்தினின்று மேலேறும் வீதி ஹோட்டன் சமவெளிக்குச் செல்கின்றது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளின் தலையூற்றுக்களும் அச்சமவெளியையும் அதனைச் சூழ்ந்த காடுகளையும் சார்ந்தனவாகும். கோப்பித் தோட்டங்கள் மலைமேல் மலையாக ஏறிக்கொண்டிருந்த காலத்தில், 1873 இல், தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடாது விடும்படி அரசுக்கு அறிவுறுத்தியமை நமது சூழல் வரலாற்றில் நினைவு கூரத்தக்கதொரு நிகழ்ச்சி. சமவெளி 1969 இல் இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988 இல் தேசிய பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. 2010 இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைப் பரப்பினுள் அது சேர்க்கப்பட்டது.

பூங்காவினுள் நுழைவோரின் பைகள் வாயிலிற் சோதிக்கப்பட்டு, பொலித்தீன் உறைகள் எடுக்கப்படும். தண்ணீர்ப் போத்தலைச் சுற்றியுள்ள மெல்லிய தாள்கூட உரிக்கப்படுவதுண்டு. சமவெளியில் மேயும் மரைகள் பொலித்தீனைத் தின்று மாண்டமையே இவ்விதிக்கு வலுவூட்டிய காரணம். இவ்விதி நல்ல விதியே. எனினும் அது வாயிலிலே தொடங்கி வாயிலிலே முடிந்துவிடுகின்றது. காவலர் கண்ணுக்கு அப்பால், வீட்டின் அடுக்களையிலும் கடைத்தெருவிலும் விருந்து மண்டபத்திலும் மனிதனைத் தடுத்து நிறுத்துவது எது என்ற வினா எஞ்சி நிற்கின்றது. சட்டத்தின் அச்சம் எட்டாத இடத்தில் சமய உணர்வு எட்டக்கூடும் என்பது பலரும் கூறும் விடை. அவ்விடை எத்துணை உண்மையானது, அதனைச் செயலிற் காட்டியோர் யாவர் என்பதை முஸ்லிம் பெண்களின் வரலாற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இங்கு ஒன்றை முதலிலேயே கூறிவிடுதல் நன்று. பட்டிப்பொலவிலோ, வெலிமடை, ஹற்றன் முதலிய அயலூர்களிலோ இத்துறையிற் பேரியக்கம் ஒன்று தோன்றிற்று என நாம் வாதிக்க வரவில்லை. அத்தகைய இயக்கம் முழு உருவிற் காணப்படுவது யாவாத் தீவிலாகும். ஆயின் அவ்வியக்கத்தின் வேர்கள் எத்தகையன என்பதை நமது ஊர் முஸ்லிம் வீடுகளின் பழக்கவழக்கங்களைக் கொண்டே நன்கு விளங்கிக்கொள்ளலாம். ஆதலின் மூல நூல்களிலிருந்து நம் வீடுகளுக்கும், அங்கிருந்து யாவாவுக்கும் சென்று, மீண்டும் மலையகத்துக்குத் திரும்புதல் பொருத்தமாகும்.

இஸ்லாமிய அறநூல்களில் வீண்செலவைக் குறிக்க இரு சொற்கள் வழங்குகின்றன. ஆகுமான பொருளையே அளவுக்கு மிஞ்சிப் பயன்படுத்துதல் இஸ்ராப். செலவிடத் தகாத வழியிற் செலவிடுதல் தப்தீர். உண்ணுங்கள், பருகுங்கள், ஆயின் வரம்பு கடவாதீர்கள் என்ற கருத்துடைய கட்டளை திருக்குர்ஆனின் ஏழாம் அத்தியாயத்தில் இடம்பெறுகின்றது. பதினேழாம் அத்தியாயமோ வீண்விரயம் செய்வோரைச் சைத்தானின் உடன்பிறப்புக்கள் என்றே வன்மையாகக் கண்டிக்கின்றது. தொழுகைக்காக ஒளுச் செய்யும்போது, ஓடும் ஆற்றங்கரையில் இருப்பினும் நீரை வீணாக்கலாகாது என நபிகள் நாயகம் கூறியதாக இப்னு மாஜாவின் தொகுப்பில் ஒரு ஹதீஸ் உண்டு. அதன் அறிவிப்பாளர் வரிசை பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருப்பினும், நூற்றாண்டுகளாகப் பள்ளிவாசற் போதனைகளில் அது இடம்பெற்று வந்துள்ளது. ஆறுகள் பிறக்கும் இடத்தில் நின்று இதனை எண்ணுவோர்க்கு அதன் பொருள் சற்று வேறாகவே தோன்றும். நீர் குறைவு என்பதற்காக அன்று, நீர் நிறைந்திருக்கும்போதும் அளவு வேண்டும் என்பதே அங்கு வற்புறுத்தப்படுவது.

இக்கட்டளைகள் யாவரையும் நோக்கியன. ஆயின் ஹதீஸ் இலக்கியத்தில் விரயம் தவிர்த்தல் செயலாக வடிவெடுக்கும் இடங்களைத் தேடின், பெண்களின் பெயர்கள் அடிக்கடி எதிர்ப்படுகின்றன. நபியவர்களின் துணைவியரான மைமூனாவின் பணிப்பெண் ஒருத்திக்குக் கொடையாகக் கிடைத்த ஆடு இறந்துவிட, அது வெளியே எறியப்பட்டது. அதனைக் கண்ட நபியவர்கள், அதன் தோலையேனும் எடுத்துப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என வினவினார்கள். இறந்த பிராணியின் இறைச்சி விலக்கப்பட்டது என்று கூறப்பட்டபோது, உண்பது மட்டுமே விலக்கப்பட்டது என விளக்கினார்கள். மற்றொரு துணைவியரான ஸவ்தா, தமது வீட்டில் இறந்த ஆட்டின் தோலைப் பதனிட்டு, அது நைந்து போகும்வரை பேரீச்சம்பழம் ஊறவைக்கும் பையாக வைத்திருந்தமையை அவரே அறிவித்துள்ளார். ஸைனப் பின்த் ஜஹ்ஷ் பற்றிய வரலாறு இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. அவர் தமது கையாலே தோல் பதனிட்டும் தைத்தும் வந்த வருவாயை ஏழைகளுக்கு ஸதகாவாக வழங்கினார் எனச் சரித நூலார் கூறுவர். எறியத்தக்கதெனக் கருதப்பட்ட பொருள், பெண்ணொருத்தியின் உழைப்பினாற் பயன்பொருளாகி, அப்பயன்பொருள் தருமமாகும் முறையை இம்மூன்று செய்திகளையும் சேர்த்து நோக்குவார் காணலாம். பிற்காலத்தில் யாவாவில் நிகழ்ந்தது இம்முறையின் மறுபிறப்பே என்பது நமது கருத்து.

இன்னுமொரு பெண்ணையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். மதீனாப் பள்ளிவாசலைக் கூட்டித் துப்புரவு செய்துவந்த கறுப்பினப் பெண்ணொருத்தி இறந்தபோது, அது பெரிய செய்தியன்று எனக் கருதிய தோழர்கள் நபியவர்களுக்கு அறிவியாமலே அடக்கம் செய்துவிட்டனர். செய்தியறிந்த நபியவர்கள் வருந்தி, அவளது அடக்கத்தலத்தைக் கேட்டறிந்து சென்று அங்குத் தொழுகை நடத்தினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புக்களிலும் இச்செய்தி உண்டு. கூபாவிலிருந்து மக்காவரை யாத்திரிகருக்காக நீர்நிலைகள் அமைத்த அப்பாசிய அரசி சுபைதாவை (இறப்பு 831) வரலாற்று நூல்கள் விரிவாகப் போற்றுகின்றன. கூட்டியவளின் பெயரிலோ அறிவிப்பாளர்கள் முரண்படுகின்றனர். பெண்ணா ஆணா என்ற ஐயமும் சில அறிவிப்புக்களில் உண்டு. துப்புரவு செய்வோர் வரலாற்றில் எவ்வாறு இடம்பெறுகின்றனர் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

இனி நம் நாட்டு வீடுகளை நோக்குவோம். உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை வேளைதோறும் எடுத்துத் தனிப்பானையிற் சேர்த்து, பள்ளிவாசலுக்கோ ஏழைகளுக்கோ கொடுக்கும் பிடியரிசி வழக்கம் நமது முஸ்லிம்களிடையே நெடுங்காலம் நிலவியது. பிடியை எடுப்பவள் பெண். பானை அவள் பொறுப்பு. கணக்கு மட்டும் ஆண்களின் கையில். விருந்துகளில் அறுவர்வரை ஒரே பெருந்தட்டைச் சூழ்ந்திருந்து உண்ணும் சஹன் முறை மற்றொன்று. அறுவருக்கு ஆறு தட்டோ ஆறு இலையோ அங்குத் தேவைப்படுவதில்லை. ஒருவர் விட்டதை மற்றவர் உண்பதால் மீதமும் குறைவு. கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்கள் பன்புல்லால் இழைத்த பாய்களும், தென்பாண்டி நாட்டுப் பத்தமடையிற் கோரையால் நெய்யப்படும் பாய்களும், மண்ணிலே தோன்றி நைந்தபின் மண்ணோடு கலக்கும் பண்டங்கள். மலையகக் கடைவீதிகளிலே பருப்பும் சீனியும் கடதாசிச் சுருளில் விற்கப்பட்ட காலத்தில், பழைய பத்திரிகைத் தாள்களைப் பையாக ஒட்டிக் கொடுப்பது பல இனத்துப் பெண்களுக்கும் வீட்டுக் கைத்தொழிலாயிருந்தது.

இவற்றையெல்லாம் சூழல் இயக்கம் என்று அழைத்துவிடலாமா? அவ்வாறு அழைப்போர் உளர், நாம் உடன்படவில்லை. வறுமையும் சிக்கனமும் பழக்கமும் இணைந்து உருவாக்கிய இல்லப் பொருளாதாரமே அது. பாய் இழைத்தவள் மண்ணைக் காக்க இழைக்கவில்லை. படுக்கவும் விற்கவும் இழைத்தாள். முன்னோர் யாவரும் இயற்கைக் காவலர் என்ற கற்பனை இன்று பெருகிவருகின்றது. அக்கற்பனை அப்பெண்களின் முதுகுநோவை மறைத்துவிடும். ஆயினும் பிடியரிசியிற் சூழற் சிந்தனையைவிடப் பயனுள்ள ஒன்று இருந்தது. சிறிய அளவில், நாள் தவறாது, பலர் சேர்ந்து, இறைவனுக்கென ஒதுக்கி வைத்தல் என்ற ஒழுங்குமுறையே அது.

பொலித்தீனின் வரவு இவ்வில்லப் பொருளாதாரத்தைக் கலைத்தது. வாழையிலையின் இடத்தை உணவு சுற்றும் பொலித்தீன் தாள் கவர்ந்துகொண்டது. கடதாசிப் பை ஒட்டும் தொழில் நலிந்தது. நோன்புக் கஞ்சி தூக்குச் சட்டியை விட்டுப் பொலித்தீன் பையிற் புகுந்தது. குர்பான் இறைச்சியும் அவ்வாறே பங்கிடப்படலாயிற்று. இவ்வாறாக, ஈகையும் வணக்கமும் மிகுதியாக நிகழும் நாட்களே குப்பையும் மிகுதியாகச் சேரும் நாட்களாயின. இது முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய குறையன்று. வெசாக் தன்சல்களிலும் கோயில் அன்னதானங்களிலும் இதே நிலைமை ஏற்பட்டது. 2017 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு நாளன்று, கொழும்பின் அயலிலுள்ள மீத்தொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு செப்டெம்பரில் உணவு சுற்றும் பொலித்தீன் தாளும் ரெஜிபோம் உணவுப்பெட்டியும் தடைசெய்யப்பட்டன. குப்பை என்பது அழகுக் குறைவு மட்டுமன்று, உயிர்க்கொல்லி என்பதை நாடு அன்றுதான் கண்கூடாகக் கண்டது.

யாவா மக்கள் இப்பாடத்தை நமக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னரே கற்க நேர்ந்தது. அவர்களைப் பற்றிக் கூறுமுன், நமக்கும் அத்தீவுக்குமுள்ள உறவைச் சற்று நினைவுபடுத்துதல் தகும். ஒல்லாந்தர் ஆட்சியில் யாவா முதலிய தீவுகளினின்று போர்வீரரும் நாடு கடத்தப்பட்ட பெருமக்களும் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். மக்காசாரைச் சேர்ந்த ஞானி ஷெய்கு யூசுப் 1684 இல் இங்கு அனுப்பப்பட்டு, 1694 இல் நன்னம்பிக்கை முனைக்கு மாற்றப்படும்வரை மார்க்க நூல்கள் எழுதினார். மாத்தரம் அரசனான மூன்றாம் அமங்குராத் 1708 இல் இங்கு நாடு கடத்தப்பட்டான். இலங்கை மலாயர் இவ்வாறு வந்தோரின் வழித்தோன்றல்களாவர். 1873 இல் அவர்களது படைப்பிரிவு கலைக்கப்பட்டபின் அவர்களுட் சிலர் மலையகத் தோட்டங்களிலும் பணிபுரிந்தனர். நூல் வழியிலான உறவோ இதனினும் பழையது. 1572 இல் வண்ணப்பரிமளப் புலவர் தமிழில் இயற்றிய ஆயிர மசலா எந்த அரபு மூலத்தைத் தழுவியதோ, அம்மூலமே யாவானிய மொழியிற் சமூத் என்னும் பெயருடைய நூலாகவும் மலாய் மொழியிற் பிறிதொரு நூலாகவும் உருப்பெற்றது. இவற்றை ஒப்பிட்டு ரோனித் ரிச்சி எழுதிய ஆய்வு 2011 இல் வெளிவந்தது. ஒரே கேள்வி பதில் நூலை ஒரே பற்றுடன் கேட்ட இரு மக்கட் கூட்டத்தாரை ஒப்புநோக்குவது வலிந்து செய்யும் காரியமன்று. இடையே ஒரு வேடிக்கையையும் கூறிவிடலாம். மலாய் மொழியிலே சம்பா என்பது குப்பையைக் குறிக்கும். நமக்கு அது நெல்.

யாவாவில் முஸ்லிம் பெண்களின் நிறுவன வாழ்வு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வேர்கொண்டது. முஹம்மதியா இயக்கத்தைத் தோற்றுவித்த அகமது தஹ்லானின் துணைவியான சித்தி வாலிதா (1872–1946), யோக்யகர்த்தா நகரின் கவுமான் பகுதியில் பெண்களைத் திரட்டி மார்க்கக் கல்வி புகட்டினார். 1917 இல் அக்கூட்டம் ஆயிஷியா என்னும் சங்கமாயிற்று. 1922 இல் அப்பெண்கள் தமக்கெனத் தனித் தொழுகைக்கூடம் ஒன்றை எழுப்பினர். நஹ்லதுல் உலமாவின் மகளிர் பிரிவான முஸ்லிமாத் 1946 இல் அமைந்தது. பாடசாலை, மருத்துவமனை, அநாதை இல்லம் என விரிந்த இச்சங்கங்கள் ஊர்தோறும் கிளைகளையும், கிளைதோறும் வாராந்த மார்க்க வகுப்புக்களையும் கொண்டிருந்தன. குப்பை ஒரு பிரச்சினையாக எழுந்தபோது அதனை எடுத்துப் பேசக் கூட்டமும் மேடையும் ஏற்கெனவே ஆயத்தமாயிருந்தன என்பது கவனிக்கற்பாலது.

2005 பெப்ரவரி 21 ஆம் திகதி, மேற்கு யாவாவின் பண்டுங் நகருக்கு அண்மையிலுள்ள லெவிகஜாவில் குப்பைமலை சரிந்து இரு சிற்றூர்களைப் புதைத்தது. நூற்று நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்நாள் பின்னர் தேசிய கழிவு விழிப்புணர்வு நாளாக்கப்பட்டது. 2008 இல் கழிவு முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டில் யோக்யகர்த்தாவை அடுத்த பந்துல் மாவட்டத்தில், பதேகான் என்ற ஊரில், சுகாதாரக் கல்வி ஆசிரியரொருவரின் முயற்சியால் குப்பை வங்கி தோன்றியது. இதன் இயல்பு எளியது. வீட்டிலேயே கடதாசி, போத்தல், தகரம், பிளாஸ்ரிக் எனக் கழிவு பிரிக்கப்படும். குறித்த நாளில் அதனை எடுத்துவந்தால் நிறுத்து, அதன் பெறுமதி வைப்புப் புத்தகத்திற் பதியப்படும். சேர்ந்தது மொத்த வியாபாரிக்கு விற்கப்பட, உரியவர் பின்னர் பணமாக எடுத்துக்கொள்வார். தராசருகே நிற்பவரும், புத்தகத்தில் எழுதுபவரும், மூட்டை சுமந்து வருபவரும் பெரும்பாலும் குடும்பப் பெண்கள். நாடெங்கும் ஆயிரக்கணக்கில் இத்தகைய வங்கிகள் பரவின.

இதுவரை இதிற் சமயம் இல்லை, பொருளாதாரமே உண்டு. சமயம் நுழைந்தது அதே பந்துல் மாவட்டத்தின் பிராஜான் என்னும் ஊரில், 2013 இல். அங்குள்ள பள்ளிவாசலை நடுவாகக் கொண்டு குப்பை ஸதகா என்னும் இயக்கம் தொடங்கப்பட்டது. வங்கியில் வைப்பாளருக்குச் செல்லும் பணத்தை இங்கு எவரும் கேட்பதில்லை. பிரித்த கழிவை இறைவனுக்காகக் கொடுத்துவிடுகின்றனர். விற்ற பணம் அநாதைகளின் கல்விக்கும் வறியோர் உதவிக்கும் செல்கின்றது. செல்வம் இல்லாதவரும் நாள்தோறும் தருமம் செய்யலாம் என்பது இதன் கவர்ச்சி. ஏழைப் பெண்ணொருத்தி வெறும் போத்தலைக் கழுவி உலர்த்தி வைப்பதும் ஸதகாவாகிவிடுகின்றது. பிடியரிசிப் பானையை அறிந்தவர்க்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை. ஸைனபின் தோற்பதனிடலை அறிந்தவர்க்கு இது புதிதுமன்று. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. பிடியரிசிக்காரி உண்ணத்தக்கதில் ஒரு பங்கை ஒதுக்கினாள். பிராஜான் பெண்ணோ வெறுத்து ஒதுக்கத்தக்கதைத் தொட்டுக் கழுவித் தருமமாக்குகின்றாள். தூய்மை பற்றிய மனப்பான்மையில் இது சிறிய மாற்றமன்று.

2014 இல் இந்தோனேசிய உலமா சபை தனது 47 ஆம் இலக்கப் பத்வாவின் மூலம் கழிவு பற்றித் தீர்ப்புக் கூறியது. கண்ட இடத்திற் குப்பை எறிதலும், தனக்கோ பிறர்க்கோ பயன்படக்கூடிய பொருளை எறிந்துவிடுதலும் ஹறாம் எனவும், கழிவைப் பயன்பொருளாக்குதல் சமுதாயத்தின் கூட்டுக் கடமை எனவும் அது வகுத்தது. மைமூனா வீட்டு ஆட்டுத்தோல் பற்றிய வினா, ஏறத்தாழப் பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் சட்டமொழியில் விடை பெற்றதெனலாம். எனினும் அத்தீர்ப்பைக் கூறியோர் பெரும்பான்மையும் ஆண்கள். குப்பையைத் தொட்டுப் பிரிப்பவள் ஒருத்தி, அதைப்பற்றித் தீர்ப்பளிப்பவர் வேறொருவர் என்ற பழைய ஒழுங்கு மாறவில்லை.

அவ்வொழுங்கை மாற்ற முற்பட்டது இந்தோனேசியப் பெண் உலமாக்களின் மாநாடு. பெண்களுக்கு மார்க்கச் சட்டக் கல்வி அளிப்பதற்காக 2000 ஆம் ஆண்டளவில் தோன்றிய ரஹிமா, பஹ்மினா முதலிய நிறுவனங்கள் பல ஆண்டுகள் செய்த ஆயத்தத்தின் விளைவாக, 2017 ஏப்ரல் இறுதியில் சிரெபொன் நகருக்கு அண்மையில், மஸ்ரியா அம்வா என்னும் பெண்மணியின் தலைமையிலுள்ள மதரசாவில் முதல் மாநாடு கூடியது. மீத்தொட்டமுல்லை சரிந்து இரு வாரமும் ஆகாத காலம் அது. ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் பங்குகொண்ட அம்மாநாடு, பாலியல் வன்முறை, சிறுவர் திருமணம், சூழல் அழிவு ஆகிய மூன்று பொருள்களை எடுத்துக்கொண்டது. முதலிரண்டுடன் மூன்றாவதை ஒரே வரிசையில் வைத்தமையே ஒரு கருத்தை உணர்த்துகின்றது. வீட்டுக்குள் நிகழும் கொடுமையையும் காட்டுக்கும் ஆற்றுக்கும் நிகழும் கொடுமையையும் அவர்கள் வேறு வேறாகக் காணவில்லை. 2022 நவம்பரில் ஜெப்பாரா மாவட்டத்திற் கூடிய இரண்டாம் மாநாடு ஐந்து பொருள்களை ஆராய்ந்தது. அவற்றுள் ஒன்று கழிவு முகாமைத்துவமாகும். சூழலின் நிலைபேற்றுடன் பெண்களின் பாதுகாப்பையும் அப்பொருளின் தலைப்பிலேயே அவர்கள் சேர்த்திருந்தனர்.

பெண்களின் பாதுகாப்பு குப்பையோடு எவ்வாறு தொடர்புறுகின்றது என வினவுவோர்க்கு விடை அம்மாநாட்டின் ஆய்வுமுறையிலேயே உள்ளது. அவர்களது தீர்ப்பு நேரே வேத வசனத்திலிருந்து தொடங்குவதில்லை. முதலில் பிரச்சினையின் உண்மை நிலையை விவரிக்கும் பகுதி வரும். அதற்குத் தஸவ்வுர் என்று பெயர். அதன் பின்னரே குர்ஆன், ஹதீஸ், முற்காலச் சட்டவறிஞர் கூற்று, நாட்டின் அரசியலமைப்பு ஆகிய ஆதாரங்கள் வரிசைப்படுத்தப்பட்டு முடிவு பெறப்படும். அம்முதற் பகுதியில் பெண்களின் அனுபவம் சான்றாக ஏற்கப்படுகின்றது. குப்பையை எரிக்கும் புகையை மூச்சிழுப்பவள், மாசடைந்த நீரில் சமைப்பவள், கருவுற்ற காலத்தில் அதன் நஞ்சை உடலில் ஏற்பவள், மாதவிலக்குத் துணிக்குப் பதிலாக வந்த பிளாஸ்ரிக் கலந்த பொருளை எங்கு எறிவதென அறியாது திகைப்பவள் என இவ்வனுபவங்கள் விரியும். ஆணொருவன் கிதாபுகளை எத்துணை ஓதினும் இவை அவனது தஸவ்வுரில் வந்து சேர்தல் அரிது. கைவேலையாகவும் கருணையாகவும் ஸதகாவாகவும் மட்டும் இருந்த பெண்களின் பணி, இங்கேதான் சட்ட ஆதாரத்தின் ஒரு கூறாக உயர்கின்றது. நமது நோக்கில் இவ்வரலாற்றின் மிக முக்கியமான திருப்பம் இதுவே. எத்தனை தொன் குப்பை குறைந்தது என்பதை விட, குப்பை பற்றி மார்க்கத்தின் பெயராற் பேசும் உரிமை யாரிடம் சென்றது என்பதே வரலாற்று மாணவனைக் கவரும் வினாவாகும்.

குறைகளையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. கழிவைப் பிரித்தல், கழுவுதல், உலர்த்துதல் யாவும் ஏற்கெனவே நீண்ட பெண்ணின் வேலைநாளை மேலும் நீட்டுகின்றன. சமயப் புண்ணியம் என்னும் பெயரால் ஊதியமற்ற உழைப்பு பெறப்படுகின்றது எனக் கூறுவோரின் வாதத்தை எளிதிற் புறக்கணிக்க முடியாது. பலபடை ஒட்டிய சிறு பொதிகளை வியாபாரி வாங்குவதில்லை. அவற்றைச் செய்து விற்கும் பெருநிறுவனங்கள் ஸதகா இயக்கத்தால் சிறிதும் அசைவதில்லை. வீதியிலே பொறுக்கி வாழும் வறியோரின் பிழைப்பை மேட்டுக்குடியினரின் தருமம் பறித்துவிடாதா என்ற ஐயமும் உண்டு. 2023 இல் யோக்யகர்த்தாவின் பியுங்கான் குப்பைமேடு நிரம்பி வழிந்து மூடப்பட்டபோது, குப்பை வங்கிகளுக்கும் பள்ளிவாசல் இயக்கங்களுக்கும் பேர்பெற்ற அந்நகரின் வீதிகளிலேயே குப்பை குவிந்தது. ஊர்ப் பெண்களின் முயற்சி நகராட்சியின் கடமைக்கு ஈடாகாது என்பதை அந்நிகழ்ச்சி தெளிவாக்கியது.

இவ்வளவும் கண்டபின் நம் நாட்டின் நிலையை ஒப்பிட்டால் ஒரு முரண் தோன்றுகின்றது. முஸ்லிம் பெண்கல்வியில் மலையகம் யாவாவுக்குப் பிந்தியதன்று. சித்தி லெப்பை (1838–1898) கண்டியிலிருந்து 1882 முதல் முஸ்லிம் நேசன் பத்திரிகையை நடத்திப் பெண்கல்வியை வற்புறுத்தியதோடமையாது, 1891 இல் கண்டியிலேயே பெண்களுக்குப் பாடசாலையும் திறந்தார். ஆயிஷியா தோன்றுவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முற்பட்ட செயல் அது. பின்னர் கல்எளிய முதலிய இடங்களிற் பெண்கள் அரபுக் கல்லூரிகள் எழுந்து, மார்க்கக் கல்வி பெற்ற ஆலிமாக்கள் பலர் உருவாயினர். ஆயினும் அவர்களது கல்வி கற்பித்தலோடு நின்றது. தீர்ப்புக் கூறும் நிலைக்கு வளரவில்லை. 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் காதிப் பதவியை ஆண்களுக்கே ஒதுக்கியது. இந்தோனேசியாவிலோ மார்க்க நீதிமன்றங்களிற் பெண்கள் நீதிபதிகளாய் அமர்ந்தனர். ஹஜ்ஜுப் பெருநாட்களில் அறுத்த பிராணிகளின் கழிவைப் புதைக்கும்படி நமது உலமாக்கள் அறிவுறுத்துவது பாராட்டத்தக்கது. இறைச்சி எதிலே பொதியப்படுகின்றது, பொதி எங்குச் சென்று சேர்கின்றது என்பவற்றை அடுக்களையிலிருந்து அறிந்தவளின் சான்று அவ்வறிவுரைகளிற் சேருமாயின் அவை இன்னும் முழுமை பெறும். யாவாவில் இறைச்சிப் பங்கீட்டுக்குக் கறுப்புப் பொலித்தீன் பையை விட்டு மூங்கிற் கூடையை மீண்டும் கைக்கொண்ட ஊர்கள் உண்டு. பன்புல்லும் பனையோலையும் நம்மிடமும் உண்டு. இழைக்கும் கைகள்தாம் அருகி வருகின்றன.

மலையகத்தில் இவ்வினாவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இந்நாட்டின் நகரங்களைத் துப்புரவு செய்ய ஆங்கிலேயர் காலத்தில் தென்னிந்தியாவினின்று கொண்டுவரப்பட்டோரின் வழிவந்தவர்கள் கண்டி மகியாவ போன்ற இடங்களில் இன்றும் வாழ்கின்றனர். தமிழ் பேசும் அம்மக்களின் மேல் சாதியின் சுமையும் குப்பையின் சுமையும் ஒருங்கே ஏற்றப்பட்டன. கடைத்தெருவின் முஸ்லிம் வீட்டிலும், சிங்கள வீட்டிலும், வேளாளர் வீட்டிலும் எறியப்பட்டதை அள்ளியவர்கள் அவர்களே. குப்பையைத் தொடுதல் புண்ணியம் என ஒரு சமயம் கூறத் தொடங்கும்போது, அதனைத் தொட்டதற்காகவே தலைமுறை தலைமுறையாக இழிவுபடுத்தப்பட்டவர்கள் அக்கூற்றை எவ்வாறு கேட்பர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மதீனாவிற் கூட்டிய பெண்ணின் கதையில் நபியவர்கள் முதலிற் செய்தது அவளைப் பற்றி விசாரித்ததாகும்.

பட்டிப்பொல வழியே சென்று சமவெளி வாயிலிற் கழற்றப்படும் பொலித்தீனும் அங்கேயே அழிந்துவிடுவதில்லை. அது சாக்கிற் கட்டப்பட்டு, ஒருவரின் தோளில் ஏறி, வண்டியில் மலையிறங்கி, மூன்று ஆறுகளுள் ஏதோவொன்றின் படுகைக்கே வந்து சேர்கின்றது.